நிறுத்திய மூன்றாம் நாள்: எலும்பு முறிவு வார்டில் ஒரு குடிநோயாளி

குடிநோயாளிகளைப் போதை மீட்பு மையத்தில்தான் பார்ப்போம் என்று நர்சிங் படிக்கும்போது ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. வார்டில் வேலைக்குச் சேர்ந்தால்தான் நிலவரம் தெரியும். கால் ஒடிந்து வருகிறவர், ரத்த வாந்தி எடுத்து வருகிறவர், கணையம் வீங்கித் துடிக்கிறவர், சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட வருகிறவர் என்று பொது வார்டுகளில் அவர்கள் வேறு பெயர்களில் படுத்திருக்கிறார்கள். 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குள் உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள். ஐந்தே முக்கால் கோடிப் பேருக்கு அதனால் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பிரச்சினை இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் மீட்பு மையத்தின் படி ஏறாதவர்கள். ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு வார்டில் நம் கையில்தான் வந்து சேர்கிறார்கள்.

கீழே வருவது அப்படி ஒருவரின் கதை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சேர்க்கை

46 வயது ஆண். கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கத்து மலையோரக் கிராமம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மனைவி அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைக்கும் வேலைக்குப் போகிறார். மகள் பிளஸ் டூ, மகன் ஒன்பதாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி வாக்கில் மழை ஈரத்தில் பைக் சறுக்கி விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தது. பத்து மணிக்குச் சேர்த்தார்கள். தலையில் சிராய்ப்பு மட்டும். நினைவு தெளிவு.

அவசரப் பிரிவில் கேட்டபோது மனைவி, “எப்பவாவது கல்யாணம் காச்சின்னா கொஞ்சம் குடிப்பாரு” என்றார். கேஸ் ஷீட்டில் ‘எப்போதாவது குடிப்பவர்’ என்று ஏறிவிட்டது. அவர் பொய் சொன்னார் என்று அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விபத்து என்றால் போலீஸுக்குத் தகவல் போகும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் வழக்கு வரும். இன்சூரன்ஸும் கைவிட்டுப் போகுமோ என்ற பயம் வேறு. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நாலு பேர் நிற்க, “குடிப்பாரா?” என்று கேட்டால் எந்த மனைவிதான் உள்ளதைச் சொல்வாள்?

மாவுக்கட்டு போட்டு, வலிக்கு டிரமடால் ஊசியும் ட்ரிப்பும் எழுதி, அறுவைக்கான பரிசோதனைகளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

செவ்வாய் காலை

திங்கள் இரவு அவர் தூங்கவில்லை. வலி என்று எழுதப்பட்டிருந்தது. செவ்வாய் காலை ஏழு மணி டியூட்டிக்கு நான் போனபோது சாயா குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை ஒரு கையால் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, தலையைக் குனிந்து டம்ளரிடம் கொண்டுபோனார். அப்படியும் விளிம்பில் தளும்பி மார்பில் சிந்தியது. மேலே ஃபேன் சுற்றுகிறது, நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. பல்ஸ் 114, பிரஷர் 156/98, காய்ச்சல் 99.6. காலை அசைக்காமல் வைத்திருக்கும்போதும் இதே அளவுதான். வலி மட்டும் காரணம் என்றால் அசையாமல் கிடக்கும்போது கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும்.

மனைவியை மருந்துச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன். நின்றுகொண்டு கேட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் வராது.

“அண்ணே, கேஸுக்காகக் கேக்கல, மருந்து கொடுக்கத்தான் கேக்கேன். காலையில வெட்டுக்குப் போகும்போது கை நடுங்குமா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நடுங்காம இருக்கணும்னா ஒண்ணு போடணும் சிஸ்டர். இல்லேன்னா கத்தி நிக்காது.”

பால் வெட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். விடிவதற்கு முன்னால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். கத்தி ஒரு இழை ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் திரும்ப வளரும். காயம் விழுந்த மரத்தைப் பார்த்தால் முதலாளி வேறு ஆளைத் தேடுவார். நடுங்கும் கையோடு அந்த வேலையைச் செய்ய முடியாது; அதனால் கையை நிறுத்தக் குடிக்கிறார். அவரைப் பொறுத்தவரை காலைக் குடி வேலைக்கான மருந்து.

டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. வெட்டு விடியற்காலை. அப்படியென்றால் சரக்கு எங்கிருந்து வந்தது? “முந்தின நாளே வாங்கி ரப்பர் ஷீட் உலர்த்துற ஷெட்ல வச்சிருவேன்” என்றார். மறுநாள் காலைக்கென்று எடுத்து வைக்கும் பழக்கம், எத்தனை குவாட்டர் என்ற கணக்கைவிட நம்பகமான அடையாளம் என்பது என் அனுபவம். குடியின் அளவை எல்லாரும் குறைத்துத்தான் சொல்வார்கள். இதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

கணக்கும் வந்தது. நாளுக்கு மூன்று குவாட்டர், ஏழெட்டு வருடமாக. 180 மி.லி. பிராந்தியில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். மூன்றுக்கு 180 கிராம். கடைசியாகக் குடித்தது ஞாயிறு இரவு ஏழு மணி. கையில் வாட்ச் பார்த்தேன், 36 மணி நேரம் கடந்திருந்தது.

மாலை போட்ட நாட்கள்

இந்தக் கேஸில் மிக முக்கியமான தகவல் மனைவியிடமிருந்து வந்தது. மருந்தோடு திரும்பியவரிடம் “எவ்வளவு குடிப்பார்” என்று நான் கேட்கவில்லை. “எப்பவாவது நிறுத்தியிருக்காரா அக்கா?” என்று கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது. “வருஷாவருஷம் கார்த்திகை ஒண்ணுக்கு மாலை போடுவாரு. 41 நாளும் தொடமாட்டாரு. மனசு வச்சா நிறுத்துற ஆளுதான் சிஸ்டர்.”

“மாலை போட்ட முதல் ரெண்டு மூணு நாள் எப்படி இருப்பாரு?”

“அதுதான் என்னன்னே தெரியல, காய்ச்சல் வந்திரும். நடுங்கிக்கிட்டே கிடப்பாரு. முந்தின வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு விழுந்தாரு. போன வருஷம் ராத்திரியெல்லாம் சுவத்தைப் பாத்துப் பேசினாரு. சாமி வந்திருக்குன்னு அத்தை விபூதி பூசினாங்க. நாலஞ்சு நாளில சரியாயிட்டு.”

முதலில் நடுக்கம், அடுத்த வருடம் வலிப்பு, அதற்கடுத்த வருடம் மனக்குழப்பம். நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்துவதும், மீண்டும் தொடங்குவதும், மீண்டும் நிறுத்துவதுமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் மூளையின் கொந்தளிப்பு கூடிக்கொண்டே போகிறது. ஆல்கஹால் மூளையை அடக்கிவைக்கிறது. மூளை அதை ஈடுகட்ட எதிர்த்திசையில் முறுக்கேறி நிற்கிறது. ஒரு நாளில் அடக்கும் கை விலகினால், முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும், முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு, 48 முதல் 96 மணி நேரத்துக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற கடும் மனக்குழப்பம் என இது வரிசையாக வரும். முன்பு ஒருமுறை வலிப்போ குழப்பமோ வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம்.

நம் மாவட்டத்தில் குடியை நிறுத்தும் காலங்கள் ஊரறிந்தவை. ஐயப்ப மாலை, கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம், பாதிரியார் முன்னால் செய்யும் சத்தியம், கடலுக்குப் போகும் ஆட்களுக்கு ஆழ்கடலில் கழியும் வாரங்கள். விரதத்தையும் சத்தியத்தையும் நான் குறைவாகச் சொல்லவில்லை. அந்த மனவுறுதி பிற்பாடு சிகிச்சைக்குப் பெரிய பலம். ஆனால் முதல் ஐந்து நாள் உயிருக்கே ஆபத்தானது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. “எவ்வளவு குடிப்பீர்கள்” என்பதைவிட “நிறுத்தியபோது என்ன ஆயிற்று” என்ற கேள்விக்கு உண்மையான பதில் வருகிறது. முதல் கேள்வியில் அவமானம் இருக்கிறது. இரண்டாவதில் கொஞ்சம் பெருமை இருக்கிறது.

மதிப்பீடும் முதல் நடவடிக்கைகளும்

குடியை நிறுத்தியதும் வரும் அறிகுறிகளின் கடுமையை அளக்கும் சி.ஐ.டபிள்யூ.ஏ. அளவுகோலில் மதிப்பெண் போட்டேன். குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், நிலைகொள்ளாமை, தோல் உணர்வு, காது, கண், தலைவலி, இடம் காலம் தெரிதல் என்று பத்து அம்சங்கள், மொத்தம் 67. நம்மவருக்கு 18. பதினைந்தைத் தாண்டினாலே கடுமை என்று கொள்வோம். உடனே டியூட்டி டாக்டருக்குச் சொன்னோம்.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் கூடியிருந்தன. பொட்டாசியம் 3.1, மெக்னீசியமும் குறைவு, தட்டணுக்கள் 98,000. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்துகளில், கல்லீரல் சோர்ந்திருப்பதால் நீண்ட நேரம் உடலில் தங்கும் குளோர்டயசெபாக்சைடுக்குப் பதில் லோரசெபாம் எழுதினார்கள். அறுவை ஒத்திவைக்கப்பட்டது.

இந்த இடத்தில் எலும்பு முறிவு வார்டு செவிலியர் மூன்று விஷயங்களில் கண்ணாக இருக்க வேண்டும். டிரமடால் வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்துகிறது. இவருக்கு அது ஆகாது. டாக்டரிடம் கேட்டு நிறுத்தினோம். பதிலாக எழுதிய பாரசிட்டமாலும் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அடுத்து, குளுக்கோஸ் ட்ரிப். அறுவைக்கு வெறும் வயிறாக வைத்திருக்கும் நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது கை தன்னால் செய்கிற வேலை. குடிநோயாளியின் உடலில் தயமின் என்ற வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் போனால், மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி, வெர்னிக்கே என்ற மூளைப் பாதிப்பு வரலாம். அதனால் தயமினை நரம்பு வழியே முதலில் கொடுத்துவிட்டு ட்ரிப்பைத் தொடங்கினோம். சர்க்கரை ஆபத்தாக இறங்கியிருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது, தயமினையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இவருக்குச் சர்க்கரை 104 இருந்ததால் அந்த நெருக்கடி வரவில்லை. மூன்றாவது, கண் அசைவு. பேனாவைப் பக்கவாட்டில் நகர்த்தி, விழி தடையில்லாமல் தொடர்கிறதா, துள்ளுகிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்கச் சொன்னோம். கால் ஒடிந்தவரை நடக்கவைத்துத் தள்ளாட்டம் பார்க்க முடியாது. ஆகவே கண்தான் வழி.

முதல் டோஸ் போட்டுச் சற்று நேரத்திலேயே வலிப்பு வந்தது. ஒன்றரை நிமிடம். பக்கத்துக் கட்டில் நோயாளியின் உறவினர் ஓடிவந்து உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணிக்க, இன்னொருவர் பல்லுக்கிடையில் கரண்டி வைக்கப் பார்த்தார். அன்போடுதான் செய்கிறார்கள், திட்டக் கூடாது. “சாவி வேண்டாம் அண்ணாச்சி, தலைக்குக் கீழே இந்தத் துணியை வையுங்க” என்று ஒரு வேலை கொடுத்தால் கை விலகிவிடும். உடைந்த காலை ஒருவர் நேராகத் தாங்கிப் பிடிக்க, இடது பக்கமாகச் சரித்து, எச்சிலை உறிஞ்சி, ஆக்ஸிஜன் வைத்து, நேரத்தைக் குறித்தோம்.

புதன் இரவு

பதினொன்றரை மணி. கடைசிக் குடியிலிருந்து 76 மணி நேரம். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் எதையோ பிடித்திருப்பதுபோல் விரல்களை மடக்கி, கட்டில் கம்பியில் இடது மேலிருந்து வலது கீழாகச் சீவிக்கொண்டே வந்தார். ஒரு சீவல் முடிந்ததும், பால் விழும் சிரட்டையைப் பார்ப்பதுபோல், குனிந்து கம்பிக்குக் கீழே பார்த்தார். பிறகு அடுத்த கம்பி. அப்படியே பால் வெட்டு. “சிரட்டை நிறைஞ்சு வழியுது. மழ வருது. பால எடுக்கணும்” என்று காலைக் கீழே போடப் போனார். மாவுக்கட்டு போட்ட கால்.

பல்ஸ் 132, பிரஷர் 170/104, காய்ச்சல் 101.2. டெலிரியம் ட்ரெமன்ஸில் ஆட்கள் தங்கள் தொழிலையே காற்றில் செய்வது உண்டு. வலைப் பின்னுகிறவரையும் தறி ஓட்டுகிறவரையும் இப்படிப் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

ஆனால் ‘குடிகாரன், அதனால்தான் உளறுகிறான்’ என்று முடித்துவிட்டால் ஆளை இழந்துவிடலாம். நீள எலும்பு முறிந்த இரண்டு மூன்று நாளுக்குள் கொழுப்புத் துகள் நுரையீரலுக்கும் மூளைக்கும் போய் இதே மாதிரிக் குழப்பம் வரலாம். அதில் மூச்சு வாங்கும், ஆக்ஸிஜன் அளவு இறங்கும், அக்குளிலும் மார்பிலும் கண்ணின் கீழ் இமைக்குள்ளும் சிவப்புப் புள்ளிகள் தெரியும். தலையில் அடிபட்டவருக்கு உள்ளே மெதுவாக ரத்தம் கசியலாம். தட்டணு குறைந்தவருக்கு அந்த ஆபத்து கூடுதல். காய்ச்சலுக்கு நிமோனியாவும் காரணமாகலாம். டார்ச் அடித்து அக்குளைப் பார்த்தோம், புள்ளி இல்லை. ஆக்ஸிஜன் 97. கண்மணிகள் இரண்டும் சமம். தலை சி.டி.யும் மார்பு எக்ஸ்ரேயும் சரியாகவே வந்தன. அதற்குப் பிறகுதான் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று எழுதினார்கள்.

தம்பியும் இன்னொரு உறவினரும் சாரத்தை (கைலியை) முறுக்கிக் கட்டிலோடு கட்டத் தயாரானார்கள். அம்மா தலைமாட்டில் நின்று, “கெட்டுங்க மக்கா, விழுந்திருவான்” என்று அழுகிறார். வார்டு ஊழியர் ஒருவரும் அதையே சொன்னார். கட்டவில்லை. கட்டினால் அவர் அதை எதிர்த்து மல்லுக்கட்டுவார். உடல் சூடு ஏறும், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும், வாந்தி எடுத்தால் திரும்பிப் படுக்க முடியாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதில் தெளிவு: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டுமே கட்டலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறைக்காகவோ கட்டக் கூடாது. மது, போதைப் பொருளால் வரும் மனநிலைப் பாதிப்பும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது.

செய்தது இதுதான். நரம்பு வழி லோரசெபாம், மருத்துவர் கட்டிலருகே நிற்க, மூச்சு எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து. விளக்கை அணைக்கவில்லை, நிழல் இருந்தால் அதில் உருவங்கள் தெரியும். திரைச்சீலையில் தொங்கிய கயிற்றை எடுத்தோம், அதைப் பாம்பு என்றார். சுற்றி நின்ற கூட்டத்தை வெளியே அனுப்பி, மனைவி ஒருவரை மட்டும் அவர் பார்வை படும் இடத்தில் உட்காரவைத்தோம். இரவு முழுவதும் ஒரே செவிலியர்.

“அண்ணே, நான் சிஸ்டர். இது ஆஸ்பத்திரி. கால் ஒடிஞ்சிருக்கு. மழை இல்ல. உங்க வெட்டைத் தம்பி பாத்துக்கிடுதாரு.” ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப, மெதுவாக. தம்பி அந்த வாரம் அவர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தது உண்மை, அதனால்தான் சொன்னேன். ஆறுதலுக்காக “ஆமா, சிரட்டையை எடுத்து வச்சாச்சு” என்று சொல்லக் கூடாது. அது குழப்பத்துக்கு நாமும் சாட்சி சொன்ன மாதிரி. “அங்கே ஒண்ணும் இல்ல” என்று வாதாடவும் கூடாது. “உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல, பயப்படாதீங்க” என்பது போதும்.

அதிகாலையில் தீவிர கண்காணிப்புப் பகுதிக்கு மாற்றினார்கள். சனிக்கிழமை காலை கண் விழித்து மனைவியிடம், “பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போயிற்றா?” என்று கேட்டார். புதன் இரவு நடந்தது எதுவும் நினைவில் இல்லை. அடுத்த புதன்கிழமை எலும்புக்குள் கம்பி வைத்து அறுவை நடந்தது.

கட்டிலருகே நடந்த பேச்சுகள்

மதிப்பெண் இறங்கியதும் சிகிச்சை முடிந்தது என்று நினைப்பது நம்மிடம் உள்ள பெரிய குறை. நடுக்கம் நின்றிருக்கிறது. குடிநோய் அப்படியே இருக்கிறது. புண் ஆறும்வரை அவர் கட்டிலைவிட்டு எழ முடியாத அந்த வாரம் ஒரு நல்ல வாய்ப்பு. கட்டு மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் பேசினோம். அறிவுரை சொல்லவில்லை. குடி என்ன தந்தது, என்ன எடுத்தது என்று அவரையே சொல்லவைத்தோம். காலைக் குவாட்டர் கைக்கு மருந்து என்று அவர் நம்பியிருந்தார். அந்த நடுக்கத்தை உண்டாக்குவதே முந்தின நாள் குடிதான் என்று மணிக்கணக்கோடு சொன்னபோது நீண்ட நேரம் யோசித்தார். “அப்போ இப்போ நடுங்கலியே” என்று கையை நீட்டிப் பார்த்தார்.

மனைவிக்குத் தனியாக நேரம் ஒதுக்கினோம். குழு லோன், அண்டியாபீஸ் கூலி, மகள் படிப்பு என்று எல்லாம் வந்தது. அப்புறம் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பொடி என்று யாரோ கொடுத்ததாம். இவற்றில் சிலவற்றில் டைசல்ஃபிராம் இருக்கக்கூடும். அதைச் சாப்பிட்டவர் தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழுந்து, இதயம் நின்றுபோகவும் கூடும். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான்; நோயாளி தெரிந்து, சம்மதித்து, கல்லீரல் தாங்கும் என்று பார்த்துக் கொடுத்தால். ரகசியமாகக் கொடுத்தால் அது விஷம். இதைக் கடுமையாகவே சொன்னேன். நம் ஊரில் உடம்பு வலிக்கும் பிரசவத்துக்கும் சாதாரணமாகக் குடிக்கிற அரிஷ்டங்களிலும் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

மனநல மருத்துவர் அவருக்குக் குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட் எழுதினார். சிறுநீரகம் சரியாக இருந்ததாலும், கல்லீரலுக்குச் சுமை இல்லை என்பதாலும். அதோடு தயமின் மாத்திரை. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பற்றியும், 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் பற்றியும் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தோம்.

வீட்டுக்குப் போகும் திட்டத்தில் நாங்கள் அதிகம் பேசியது, அவர் வெட்டுக்குக் கிளம்பும் விடியற்காலை மூன்று மணியைப் பற்றித்தான். அவருடைய குடி அந்த நேரத்தோடும், அந்த ஷெட்டோடும் ஒட்டிக் கிடந்தது. ஷெட்டில் ஒளித்து வைத்தவற்றைத் தம்பியை விட்டு எடுக்கச் சொன்னார். அது அவரே சொன்னது. எழுந்ததும் வெறும் வயிற்றில் போகாமல் ஏதாவது சாப்பிட்டுக் கட்டன்சாயா குடித்துவிட்டுப் போவது, வெட்டு கூலி வாங்கும் நாளில் மனைவியும் கூடப் போவது என்று முடிவு செய்தார்கள்.

பின்தொடர்தல்

நான்காம் மாதம், உறவில் ஒரு சாவு வீட்டில் தொடங்கி, பத்து நாளுக்கு மேல் தொடர்ச்சியாகக் குடித்திருக்கிறார். பிறகு வார்டுக்குப் போன் வந்தது. “சிஸ்டர், மறுபடியும் குடிச்சுட்டேன். நிறுத்தணும். நானா நிறுத்தட்டா, அங்க வரணுமா?” அன்றே வரச் சொன்னோம். இம்முறை கடைசிக் குடியின் நேரத்தை அவரே சொன்னார். மருந்து முதல் மணி நேரத்திலேயே தொடங்கியது. அதிகபட்ச மதிப்பெண் 11. வலிப்பு வரவில்லை, குழப்பமும் வரவில்லை. ஐந்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

வார்டின் சேர்க்கைத் தாளில் இப்போது மூன்று கேள்விகளைக் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறோம்: கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணிக்கு; மறுநாள் காலைக்கென்று எடுத்து வைப்பீர்களா; முன்பு நிறுத்தியபோது முதல் ஐந்து நாளில் என்ன நடந்தது. உறவினர் இல்லாத நேரத்தில், உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அதன் கீழே குறிப்பும் உண்டு.

அவர் மாதம் ஒருமுறை புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார். பால் வெட்டுக்குத் திரும்பிவிட்டார். எலும்பு கூடிவிட்டது. நீண்ட நாள் குடியால் இரண்டு பாதங்களிலும் வந்த மரப்பு மட்டும் குறையவில்லை. செருப்பு கழன்று போனால்கூடத் தெரிவதில்லை என்கிறார். தோட்டத்தில் பூட்ஸ் போட்டு நடக்கவும், இரவில் பாதத்தில் புண் இருக்கிறதா என்று மனைவி பார்க்கவும் சொல்லியிருக்கிறோம். தயமின் தொடர்கிறது.